எட்டாம் நாள் இலையில் என்ன?

ஓம் சரவணபவ!



போன கந்த சஷ்டி முடிஞ்ச மறுநாள் ஒரு தம்பி எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். ஆறு நாளும் பால், பழம் மட்டும்தான். சூரசம்ஹாரம் பார்த்து, ஏழாம் நாள் திருக்கல்யாணமும் பார்த்து விரதத்தை முடிச்சிருக்கான். எட்டாம் நாள் மத்தியானம் பிரியாணிக் கடை வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, அங்க நின்னுக்கிட்டே பேசுறான். "அண்ணா, கறி சாப்பிட்டா குடல்ல கேன்சர் வரும்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா? விரதம் முடிச்ச கையோட சாப்பிட்டா முருகன் கோவிச்சுக்கிட்டு வியாதியைக் குடுத்துருவாரா?" பின்னாடி கரண்டி சத்தமே கேக்குது!

அவனுக்கு அப்பவே பதில் போட்டேன். முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். ரெண்டாவதுக்கு ஒரே வார்த்தை: மாட்டார்.

அந்த நீளமான பதிலைத்தான் இன்னைக்கு உங்க எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன். கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

ரெண்டாவது கேள்வியை முதல்ல முடிச்சுருவோம். நம்ம சாமி குறிஞ்சி நிலத்துத் தெய்வம். மலையும் வேட்டையும் தெரிஞ்ச சாமி. திருமுருகாற்றுப்படையில், மலையில் வெறியாடும் இடத்தில், ஆட்டுக்கிடாயின் ரத்தம் கலந்த அரிசியைப் படைக்கிற காட்சி வருது. வள்ளியம்மை வளர்ந்தது வேடர் வீட்டில். அந்த வீட்டுக்குத்தான் இவர் கிழவன் வேஷமும் வேங்கை மரமுமா மாறி மாறிப் போய் மாப்பிள்ளை ஆனார். அப்படிப்பட்டவர் ஒரு பிளேட் பிரியாணிக்காக ஒரு பிள்ளையின் குடலில் நோயைப் போடுவாரா? பிற்காலத்தில் நம்ம கோயில் வழிபாடு சைவமா ஆச்சு. விரதத்தில் கறி ஒதுக்குறோம், அது நம்ம அன்பு, நம்ம கட்டுப்பாடு. ஆனா நோயைக் காட்டி "பார்த்தியா, தண்டனை"ன்னு சொல்றவங்க முருகனைச் சின்னவராக்குறாங்க. புற்றுநோய் வார்டில் படுத்திருக்கிற ஒருத்தர் காதுல அந்த வார்த்தை விழுந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

இப்ப முதல் கேள்வி.

உலக சுகாதார நிறுவனத்துக்குக் கீழே புற்றுநோய் ஆராய்ச்சிக்குன்னே ஓர் அமைப்பு இருக்கு. பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்தில். 2015 அக்டோபரில் அவங்க ஒரு முடிவைச் சொன்னாங்க. 10 நாடுகளிலிருந்து வந்த 22 நிபுணர்கள், 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்து வைத்துப் பார்த்துச் சொன்ன முடிவு. பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், பேக்கன், ஹாம், சலாமி மாதிரி உப்பு போட்டு, புகை போட்டு, ரசாயனம் சேர்த்து நாள்பட வைக்கிற இறைச்சி, மனிதருக்குப் பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கு. அது முதல் பிரிவு. ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சி "அநேகமாக உண்டாக்கக்கூடும்" என்ற அடுத்த பிரிவு. கோழியும் மீனும் இந்தப் பட்டியலில் இல்லை.

உடனே உலகம் பூரா ஒரு சத்தம். "சிகரெட்டும் சாசேஜும் ஒண்ணு!" ஏன்னா புகையிலையும் அதே முதல் பிரிவில் இருக்கு. இது தப்பான புரிதல். அந்தப் பிரிவு சொல்றது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான். ஆபத்து எவ்வளவு பெருசு என்பதை இல்லை. ஒருத்தன் சைக்கிள் திருடினதுக்கு கேமரா சாட்சி இருக்கு. இன்னொருத்தன் கொலை பண்ணினதுக்கும் கேமரா சாட்சி இருக்கு. ரெண்டு கேஸிலும் ஆதாரம் உறுதிதான். அதுக்காக ரெண்டும் ஒரே குற்றமா?

சரி, ஆபத்து எவ்வளவு? தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுதுன்னு கணக்கு. தினமும் என்கிற வார்த்தையைக் கவனிங்க. சிவப்பு இறைச்சி தினமும் 100 கிராம் என்றால் சுமார் 17 சதவீதம். அதிலும் நோய்க்குக் காரணம் அதுதான் என்று உறுதியானால்தான் இந்தக் கணக்கு. 18 சதவீதம்னா "நூறு பேர் சாப்பிட்டா பதினெட்டு பேருக்கு வரும்"னு அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் நூறு பேரில் சுமார் நாலு பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவை இந்த நோய் வருது. நாலின் மேல் 18 சதவீதம் கூட்டினா ஐந்தை நெருங்கும். அவ்வளவுதான். நம்ம நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிடக் குறைவு.

"அப்ப ஒண்ணுமில்லையே அண்ணா"ன்னு கிளம்பிராதீங்க. நூறு பேரில் ஒருத்தர் கூடுதலா என்பது, ஒரு கோடி பேர் இருக்கிற ஊரில் ஒரு லட்சம் குடும்பம். அந்த ஒருத்தர் நம்ம வீட்டு ஆளா இருந்தா அங்க சதவீதம் பேச மாட்டோம்.

ஏன் இப்படி ஆகுது? கறிக்குச் சிவப்பு நிறம் தர்றது ஹீம் என்ற இரும்புப் பொருள். அது குடலுக்குள் போகும்போது, நைட்ரோசோ சேர்மங்கள்னு சொல்ற சில பொருட்கள் உருவாகத் துணை செய்யுது. அவை குடல் சுவரில் இருக்கிற செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தக் கூடியவை. பதப்படுத்தின இறைச்சியில் நைட்ரைட் உப்பும் சேர்க்கிறதால அது இன்னும் அதிகம். அப்புறம் நெருப்பில் நேரடியா, கருகக் கருகச் சுடும்போது வேற சில நச்சுகள் சேருது. (கிரில், தந்தூரி பிரியர்கள் கருகின ஓரத்தையாவது பிச்சுப் போட்டுருங்க.) ஊரில் பாட்டி வீட்டில் கயிறு கட்டித் தொங்கவிடுற உப்புக்கண்டம் கூட வரையறைப்படி பதப்படுத்தின இறைச்சிதான். ஆனா அதை யாரும் தினமும் தின்றதில்லை. வருஷத்தில் நாலு நாள், மழைக்காலத்தில் ரசத்துக்குத் தொட்டுக்க ஒரு துண்டு. இன்னைக்கு ஹாஸ்டல் ஃப்ரிட்ஜில் இருக்கிற சாசேஜ் பாக்கெட் அப்படியா இருக்கு?

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இது ஒரு கதை மாதிரி, ஆனா நடந்தது.

தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நடால்னு ஒரு பகுதி. நமக்கு அன்னியமான ஊர் இல்லை. 1860-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் நம்ம ஆளுங்க கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கின டர்பன் துறைமுகம் அங்கதான் இருக்கு. அவங்க பேரப்பிள்ளைகள் இன்னைக்கும் அங்க தைப்பூசக் காவடி எடுக்கிறாங்க. ஆனா இந்தக் கதை அவங்களைப் பத்தினது இல்லை. அதே பகுதியின் கிராமங்களில் வாழ்கிற கறுப்பின மக்களைப் பத்தினது. இந்தக் கிராமத்து மக்களில் லட்சம் பேருக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் பெருங்குடல் புற்றுநோய். அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களிலோ லட்சத்துக்கு 65 பேர். மூதாதையர் ஒரே கண்டம். குடலில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் ஓ'கீஃப் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஒரு காரியம் செஞ்சாங்க. பிட்ஸ்பர்கில் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தில் 20 பேர். ரெண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாத்திக்கிட்டாங்க! அமெரிக்கக்காரருக்கு மக்காச்சோளம், பீன்ஸ், பழம், கொஞ்சம் மீன். கிராமத்துக்காரருக்கு சாசேஜ், ஹாம்பர்கர், உருளைக்கிழங்கு வறுவல். முதல்லயும் கடைசியிலும் ரெண்டு கூட்டத்துக்கும் குடலில் கேமரா விட்டுப் பார்த்தாங்க. 2015-ல் முடிவு வெளியானது.

ரெண்டே வாரம் தம்பி. நம்ம சஷ்டி விரதத்தைப் போல ரெண்டு மடங்கு கொஞ்சம் கூட.

அமெரிக்கக்காரர் குடலில் அழற்சி குறைஞ்சது. குடல் சுவர் செல்கள் தேவையில்லாம வேகமாப் பெருகிறதும் குறைஞ்சது. பியூட்டிரேட் என்று ஒரு பொருள் இருக்கு. நார்ச்சத்தை நம்ம குடல் பாக்டீரியா புளிக்க வைக்கும்போது உண்டாகுற பொருள். பெருங்குடல் சுவருக்கு அதுதான் சோறு, அதுதான் காவல். அது இரண்டரை மடங்கு ஆச்சு. எதிர்ப்பக்கம், பர்கர் தின்ன கிராமத்து மக்களுக்கு எல்லாம் தலைகீழ். பியூட்டிரேட் பாதியாப் போச்சு. புற்றுநோய்ப் பக்கம் தள்ளுகிற அறிகுறிகள் கூடின. ஆயுசு பூராவும் நல்லா வெச்சிருந்த குடல், பதினாலு நாளில்.

ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். இதில் யாருக்கும் புற்றுநோய் வந்ததா போனதான்னு பார்க்கலை, ரெண்டு வாரத்தில் பார்க்கவும் முடியாது. அறிகுறிகள் எந்தத் திசையில் நகருதுன்னுதான் பார்த்தாங்க. அப்புறம், மாத்தினது கறியை மட்டும் இல்லை. கொழுப்பு, நார்ச்சத்து எல்லாமே மாறிச்சு. அமெரிக்கக்காரருக்கு ஒரு நாளைக்கு 14 கிராமா இருந்த நார்ச்சத்து 55 கிராம் ஆச்சு. எனக்கு இதில் பிடிச்ச இடமே இதுதான். இலையிலிருந்து ஒண்ணை எடுத்தா மட்டும் போதாது, அந்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதும் இருக்கு.

நம்ம விரதத்தில் என்ன வைக்கிறோம்? உண்மையைப் பேசுவோம். கறியை எடுத்துட்டு அந்த இடத்தில் ஜவ்வரிசி வடை, சிப்ஸ் பாக்கெட், மைதா பரோட்டா, நாலு டம்ளர் சர்க்கரை போட்ட பால். "சுத்த சைவம்"னு போர்டு இருந்தா போதும், உள்ளே போற முழுக்க வெள்ளை மாவா இருந்தாலும் நாம விரதக்காரங்க! குடலுக்கு போர்டு படிக்கத் தெரியாது பாருங்க.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான சைவக்காரர்களையும் அசைவக்காரர்களையும் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2009-ல் ஒரு முடிவு வெளியிட்டாங்க. அதில் பெருங்குடல் புற்றுநோய் சைவக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் அதிகமா இருந்தது. ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களை வைத்து 2015-ல் வந்த முடிவு நேர் எதிர். சுமார் 77,000 பேரில், சைவக்காரர்களுக்கு 22 சதவீதம் குறைவு. மீன் மட்டும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அதைவிடவும் குறைவு. அந்த அட்வென்டிஸ்ட் மக்கள் கறியை மட்டும் விடலை. பெரும்பாலும் குடிக்கிறதில்லை, புகைக்கிறதில்லை. முழுத் தானியம், கொட்டை, பருப்புன்னு சாப்பிடுறாங்க. வெறும் "நான் சைவம்" என்ற பேரு ஒரு தாயத்து மாதிரி காப்பாத்தாது. குடி, உடல் பருமன், உட்கார்ந்தே இருக்கிறது, இதெல்லாமே தனித்தனியா இந்த நோய்க்குக் கதவு திறக்கும்.

நமக்கு வேற எங்கேயும் தேட வேண்டாம். வள்ளி காவல் காத்தது என்ன கொல்லை? தினைக் கொல்லை. முருகனுக்கு நாம படைக்கிறது தேனும் தினைமாவும். தவிடு நீக்காத தினை, சாமை, கேழ்வரகு, கம்பு, இவைதான் முழுத் தானியம். ஒரு நாளைக்கு 90 கிராம் முழுத் தானியம் சேர்த்தால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 17 சதவீதம் குறையுதுன்னு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் தொகுத்த கணக்கு. கறி கூட்டுறதும் தினை குறைக்கிறதும் கிட்டத்தட்ட ஒரே அளவு, கவனிச்சீங்களா? உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேணும்னு சொல்லுது. ரெண்டு கொய்யா, ஒரு கிண்ணம் சுண்டல், கீரை, தினைச் சோறு என்று போனா தாராளமா அந்தக் கணக்கு வந்துரும். சுண்டல் நம்ம கோயில் பிரசாதம்தானே!

அதே நிதியம் சிவப்பு இறைச்சிக்கும் ஓர் எல்லை சொல்லுது. சமைச்ச பிறகு எடை பார்த்தா வாரத்துக்கு 350-லிருந்து 500 கிராம் வரை, அதுக்கு மேல வேண்டாம். பதப்படுத்தினது முடிஞ்சவரை இல்லவே இல்லாம. அந்தத் தம்பியின் எட்டாம் நாள் மட்டன் பிரியாணி இந்த எல்லைக்குள் சுகமா அடங்கும். ஆனா எட்டாம் நாள் பிரியாணி, ஒன்பதாம் நாள் பர்கர், பத்தாம் நாள் காலையில் சாசேஜ், ராத்திரி பீஃப் ரோஸ்ட் என்று போனா, தென்னாப்பிரிக்காவில் பதினாலு நாளில் நடந்ததை நினைச்சுக்கோ.

கடைசியா என் பெரியப்பா கதை. இதை எழுதலாமான்னு அவரைக் கேட்டேன். "எழுதுடா, யாருக்காவது ஆகும்"னார்.

பெரியப்பா இருபத்தெட்டு வருஷமா பழனிக்குப் பாதயாத்திரை போறவர். கறி தொட்டு அத்தனை வருஷம் ஆச்சு. 52 வயசில் மலத்தில் ரத்தம் வந்திருக்கு. மூலம்னு நினைச்சுக்கிட்டார். நாட்டு மருந்து, மோர், வெந்தயம். எட்டு மாசம் வீட்டில் யாரிடமும் சொல்லலை. இளைச்சுக்கிட்டே போனார், கேட்டா "நடையில கரையுதுடா" என்பார். கடைசியில் மயங்கி விழுந்தப்பதான் ஆஸ்பத்திரி. ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. கேமரா விட்டுப் பார்த்தா மலக்குடலில் கட்டி. டாக்டர் சொல்லும்போது அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் இருக்கு. "நான் சுத்த சைவம் சார். எனக்கு எப்படி?"

பாருங்க, சைவம் அவரைக் கெடுக்கலை. "நமக்கு வராது" என்ற நினைப்பும், அந்த இடத்தைப் பத்திப் பேசக் கூச்சமும்தான் எட்டு மாசத்தைத் தின்னுச்சு. இந்த நோய் பெரும்பாலும் பாலிப் என்ற சின்ன மரு மாதிரிதான் தொடங்குது. அது புற்றாக மாற பொதுவா பத்து வருஷம் கூட ஆகும். அதுக்குள்ள பார்த்துட்டா கொலனாஸ்கோபி செய்யும்போதே கிள்ளி எடுத்துரலாம். இவ்வளவு அவகாசம் தருகிற புற்றுநோய் குறைவு.

உங்களுக்கு வயசு இருபது, முப்பதுதான். இருந்தாலும் சொல்றேன். பிளாக் பாந்தர் படத்தில் ராஜாவா நடிச்ச சாட்விக் போஸ்மன் 2020-ல் பெருங்குடல் புற்றுநோயில் போனபோது வயசு 43. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்குற வயதை 50-லிருந்து 45 ஆக்கிட்டாங்க. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாம எடை குறையிறது, ரத்தசோகை, இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. பெரும்பாலும் மூலமாத்தான் இருக்கும். அதை டாக்டர் சொல்லட்டும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது வந்திருந்தா 40 வயசிலோ, அவங்களுக்குக் கண்டுபிடிச்ச வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியோ, எது முதல்ல வருதோ அப்பவே பரிசோதனையை ஆரம்பிக்கணும். என் அண்ணன்மார் ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டாங்க. சின்ன அண்ணனுக்கு ஒரு பாலிப் இருந்தது, எடுத்தாச்சு.

பெரியப்பாவுக்கு அறுவை சிகிச்சை ஆச்சு. வயித்தில் துளை போட்டு, மலம் வெளியே வர ஒரு பை. உயிர் பிழைச்சார். ஆனா கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டார். "இந்தப் பையைக் கட்டிக்கிட்டு சந்நிதியில் நிக்கிறதாடா? அசுத்தம் இல்லையா?"ன்னார். யாத்திரை போன மனுஷன் திண்ணையோட ஒடுங்கிட்டார். ரெண்டு வருஷம்.

ஒருநாள் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் கந்த சஷ்டி கவசம் போட்டேன். தேவராய சுவாமிகள் தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்பாப் பேர் சொல்லி, வேல் காக்கட்டும்னு கேட்டுக்கிட்டே வர்றார் இல்லையா. அவர் கழிவு போற இடத்தைத் தாண்டிக் குதிச்சுப் போகலை. அதையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அதுக்கும் ஒரு வேலைக் காவல் கேக்கிறார். கண்ணுக்கும் நெத்திக்கும் எந்த வேலைக் கேட்டாரோ அதே வேல்தான். அந்த இடம் வந்ததும் நிறுத்திட்டு, "பெரியப்பா, நீங்க சின்ன வயசிலிருந்து சொல்ற வரிதானே இது? சுவாமிகளுக்கு வராத கூச்சம் உங்களுக்கு எதுக்கு?"ன்னு கேட்டேன். அவர் ஒண்ணும் பேசலை.

போன சஷ்டிக்குத் திருச்செந்தூர் வந்தார். கடற்கரையில் கூட்டத்தில் வேண்டாம்னு ஓரமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வெச்சோம். மடியில் மாத்துறதுக்கு ஒரு பை, துண்டு, தண்ணி பாட்டில். சம்ஹாரம் முடிஞ்சு எல்லாரும் கடலில் இறங்குற நேரம். அவர் கண்ணை மூடிக் கவசம் சொல்லிக்கிட்டிருந்தார். எப்பவும் அந்த ஒரு வரியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து விழுங்கிட்டுப் போறவர், அன்னைக்குப் பக்கத்தில் இருந்தவங்க திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாச் சொன்னார்.

வேலும் மயிலும் துணை.